ஆறரை மணி பஸ்ஸும் பன்னிரண்டு மணிப் பசியும்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி தமிழ்நாடு முழுக்கத் தெரிந்ததுதான். ஆனாலும் கொள்ளைக் கடைந்து சோற்றில் ஊற்றி, வடித்த தண்ணீரில் ரசமும் வைத்துச் சாப்பிடுகிற கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. ஒரே சிக்கல், அந்தப் பழமொழியைச் சொன்னவர் இளைத்தவன் வேறு ஆள், கொழுத்தவன் வேறு ஆள் என்று நினைத்துவிட்டார். இன்றைக்குக் கோவையிலோ பெருந்துறையிலோ திருச்செங்கோட்டிலோ ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கையும் காலும் குச்சி மாதிரி, சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் மட்டும் சின்னதாக ஒரு தொப்பை என்று பையன்கள் வரிசையாகப் போவார்கள். இவர்களுக்கு எள்ளைக் கொடுப்பதா, கொள்ளைக் கொடுப்பதா?

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அமிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, "ஏங்கண்ணு, இப்பிடி எளைச்சுப் போயிட்டே? அங்க சோறு கீறு போடறாங்களா இல்லையா?" என்பார். அதே பையன் கல்லூரியில் நடக்கும் மருத்துவ முகாமில் எடை மெஷின்மேல் ஏறினால், "தம்பி, கொஞ்சம் குறைக்கோணும்" என்கிறார் டாக்டர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும்.

இதைப் புரியவைக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்களையே படம் எடுத்துப் போட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் எண், ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினும் உயரக் கோலும் இருவரையும் ஒரே மாதிரி என்று சொன்னபோது, உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நம் ஊர்க்காரர்களுக்குத் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம். அதனால்தான் ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் சர்க்கரை நோய் வருகிறது.

பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் க்வெட்டலே 1830-களில் மக்கள்தொகையின் சராசரியைப் படிக்கக் கண்டுபிடித்த கணக்கு இது. தனியாள் ஒருவரின் ஆரோக்கியத்தை அளக்க அவர் இதைச் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 25-க்கு மேல் போனால் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். இந்திய மருத்துவர்கள் 2009-இல் கூடிப் பேசி, நமக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்தடி ஐந்து அங்குலம், அதாவது 1.65 மீட்டர் உயரமுள்ள ஒரு மாணவர் 65 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 23.9 வரும். உலகக் கணக்கில் அவர் பாஸ், நம் கணக்கில் அரியர்.

எண் குழப்பமாக இருந்தால் இஞ்ச் டேப் போதும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதாவது முப்பத்தைந்தரை அங்குலம், முப்பத்தொன்றரை அங்குலம். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, ஏனென்றால் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். திருப்பூர்ப் பக்கத்தில் டேப்புக்குப் பஞ்சமே இல்லை.

மாநில நிலவரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 மற்றும் 28.2. நாலைந்து வருடத்தில் ஏறக்குறைய ஒன்பது பத்துப் புள்ளி ஏறியிருக்கிறது. இந்த எண்கள் மாணவர்களை மட்டும் குறிப்பவை அல்ல. அவர்களும் அவர்களுடைய அண்ணன், அக்கா, அம்மா, அப்பாவும் சேர்ந்த கணக்கு. ஆனால் முப்பது வயதில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதில் பெரும்பங்கு பதினேழுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் "ஃப்ரெஷ்மேன் ஃபிஃப்டீன்" என்று ஒரு பேச்சு உண்டு. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே 15 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறிவிடும் என்பார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் பார்த்தபோது சராசரியாக ஏறியது 1.36 கிலோ மட்டுமே என்று தெரிந்தது. பேச்சில் பாதிக்கு மேல் மிகை. அங்கே பிள்ளைகள் முதல்முறையாக வீட்டைவிட்டு வருவதும் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துச் சாப்பிடுவதும் கல்லூரியில்தான். எடைக் கதையும் அங்கிருந்து தொடங்குகிறது.

நம் பக்கத்தில் கதை இரண்டு வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ரெசிடென்ஷியல் பள்ளிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காலையில் இருட்டோடு எழுப்பிவிட்டு இரவு பத்து பத்தரை வரை படிக்க உட்காரவைக்கிற வழக்கம். பி.டி. பீரியடு கால அட்டவணையில் இருக்கும், ஆனால் கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். பதினாறு வயதில், எலும்பும் தசையும் வளர வேண்டிய நேரத்தில், இரண்டு வருடம் பெஞ்சில் போய்விடுகிறது. கட்-ஆஃப் கிடைக்கும். அதோடு, ஓடி விளையாடுவது என்றால் நேரத்தை வீணாக்குவது என்கிற பழக்கமும் கூடவே வந்துவிடும். கல்லூரிக்கு வரும் பையனைப் பார்த்து "சோம்பேறி" என்கிறோமே, அவனுக்கு அந்தச் சோம்பலைக் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கதை வேறு. பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. காங்கேயம், அந்தியூர், தாராபுரம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் அதில்தான் போய் வருவார்கள். பிளஸ் டூ முடித்து ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்ததும் சைக்கிள் திண்ணையில் சாய்ந்துவிடும், கல்லூரி பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்ளும். காலையில் ஆறரைக்கு ஏறினால் எட்டரைக்கு இறங்கலாம். மாலை ஐந்துக்கு ஏறினால் ஏழுக்கு வீடு. பஸ்ஸில் நாலு மணி நேரம், வகுப்பில் ஆறு ஏழு மணி நேரம், வீட்டுக்கு வந்து செல்போனோடு இன்னும் இரண்டு மணி நேரம். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையோரம் ஏக்கர் கணக்கில் வளாகம் கட்டியிருக்கிற கல்லூரிகளில்கூட பஸ் கட்டடத்தின் வாசலில்தான் நிற்கும். அந்த ஏக்கர் எல்லாம் பிரவுச்சரில் பார்ப்பதற்கு.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடப்பதும் அதில் சேரும். நாளைக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் கிடைத்தால் போதும். டே ஸ்காலரின் நாளில் அந்த இருபத்தைந்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

சரி, ஹாஸ்டலுக்கு வருவோம். மெஸ் சாப்பாட்டைத் திட்டாத மாணவர் உலகத்தில் இல்லை. ஆனால் எடையைப் பொறுத்தவரை மெஸ்ஸின் சமையலைவிட மெஸ்ஸின் மணி முக்கியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பல விடுதிகளில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிந்துவிடும். சமையல்காரர்களும் வீட்டுக்குப் போக வேண்டும், நியாயம்தான். மாணவர்கள் தூங்குவதோ ஒரு மணிக்கு. ஏழரைக்குச் சாப்பிட்டவனுக்குப் பன்னிரண்டு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? அப்போது கையில் கிடைப்பது பிஸ்கட், கெட்டிலில் வேகவைத்த நூடுல்ஸ், ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பா, காம்பவுண்டுச் சுவரோரம் டெலிவரி பையன் நீட்டுகிற பரோட்டா பார்சல். தூங்க ஒன்றரை ஆகிவிடும். காலை எட்டரைக்கு மெஸ் மூடும்போது பாதிப் பேர் பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் பத்தே முக்கால் இடைவேளையில் ஒரு முட்டை பப்ஸும் டீயும். நாள் முழுக்கச் சாப்பிட்டதைக் கூட்டிப் பார்த்தால் அளவு ரொம்ப அதிகமாகக்கூட இருக்காது. ஆனால் பருப்பும் காயும் இருக்கிற வேளை தவறிப்போய், மைதாவும் எண்ணெயும் இருக்கிற வேளை கூடியிருக்கும்.

தூக்கம் குறைந்தால் பசியே மாறிவிடும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 2004-இல் சிகாகோவில், சராசரி 22 வயதுள்ள 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள், இன்னொரு முறை இரண்டு இரவு பத்து மணி நேரம் படுக்கவிட்டார்கள். குறைவாகத் தூங்கியபோது, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டுகிற கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்கள் உணர்ந்த பசி 24 சதவீதம் கூடியது. இனிப்பும் உப்பும் மாவும்தான் அதிகம் கேட்டது. இன்டர்னல் எக்ஸாம் வாரத்தில் கேன்டீனில் என்ன விற்றுத் தீர்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சிகாகோ வரை போக வேண்டியதில்லை.

இதில் கொங்குப் பக்கத்துக்கே உரிய ஒன்று பேக்கரி. மற்ற ஊர்களில் டீக்கடை, இங்கே பேக்கரி. கல்லூரி விட்டதும் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நின்று டீ, தேங்காய் பன், பப்ஸ், சூடான பஜ்ஜி. அடுத்த தெருவில் காளான் வண்டி. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கோவை ரோட்டோரக் காளானில் காளானைவிட முட்டைக்கோசும் மைதாவும்தான் அதிகம். பொரித்ததை உதிர்த்து மசாலாவில் போட்டுக் கொதிக்கவிட்டு, மேலே வெங்காயமும் மல்லித்தழையும். நானும் ரசித்துச் சாப்பிட்டவன்தான், குறை சொல்ல வரவில்லை. சேலம் பக்கம் போனால் அதே நேரத்துக்குத் தட்டுவடை செட். காரட், பீட்ரூட் துருவல் இருப்பதால் அது கொஞ்சம் பரவாயில்லை.

பேக்கரியில் பலரும் கவனிக்காதது டீயில் இருக்கிற சர்க்கரைதான். பஜ்ஜி எண்ணெய் விரலில் ஒட்டும், சர்க்கரை எதிலும் ஒட்டாது. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம். நாளைக்கு நாலு டீ, 40 கிராம். தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 40 கிராம் சர்க்கரை 160 கலோரி. இதை வைத்து எடைக் கணக்குப் போட முடியும். 7,700 கலோரி சேர்ந்தால் ஒரு கிலோ என்று பழைய சூத்திரம் ஒன்று உண்டு. அப்படிப் பார்த்தால் இந்த டீக் கணக்கு வருடத்துக்கு ஏழரை கிலோ என்று வரும், அதுவும் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. எடை கூடக்கூடச் செலவும் கூடும். அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 2011-இல் இதைத் திருத்தி ஒரு கணக்குச் சொன்னார்கள்: நாளொன்றுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் கூடினால் முடிவில் ஒரு கிலோ கூடும். அதில் பாதி முதல் வருடத்தில், கிட்டத்தட்ட முழுவதும் மூன்று வருடத்தில். ஏற்கெனவே எடை கூடுதலாக இருக்கும் பெரியவர்களுக்குப் போட்ட தோராயக் கணக்கு இது. இருந்தாலும் 160-ஐ 24-ஆல் வகுத்தால் ஆறரைக்கு மேல் வருகிறது. மூன்று வருடம், ஒரு டிகிரி, ஆறரை கிலோ. பையன் ஒன்றும் பெரிதாகச் சாப்பிடவில்லையே என்று அம்மா சொல்வது உண்மைதான், டீதான் குடித்தான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2016-இலும் 2018-இலும் 2024-இலும், கல்லூரி வளாகத்தில் ஜங்க் ஃபுட் விற்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. மூன்று முறை அனுப்பியதிலிருந்தே அதன் வெற்றியைப் புரிந்துகொள்ளலாம். கேன்டீனில் எடுத்துவிட்டால் ரோட்டைத் தாண்டி பேக்கரி இருக்கிறது.

எடை என்று பேச்செடுத்தாலே அந்தப் பக்கம் ஜிம்முக்கு ஓடுகிறார்கள். ஜிம்முக்குப் போவது நல்லதுதான், நம் உடம்பில் குறைவாக இருப்பது தசை என்பதால் இன்னும் நல்லது. ஆனால் முதல் வாரமே புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கிவிடுகிறார்கள். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் போதும். நாமக்கல்லின் இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடும். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏழு கிராம், 50 கிராம் கொள்ளில் பத்து பதினொன்று, ஒரு டம்ளர் பாலில் ஆறு. மீதி சோற்றிலும் பருப்பிலும் இருக்கிறது. முட்டைக்குத் தமிழ்நாட்டின் தலைநகரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாட்டுப்பால் பொடியை இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வாங்குவது விசித்திரம்தான்.

கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். எந்தப் பயறும் கொழுப்பைக் கரைக்காது. நூறு கிராமில் இருபதுக்கு மேல் புரதமும் நிறைய நாரும் இருப்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிற்கும், அடுத்த பசி தாமதமாக வரும். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். பழமொழியின் விஞ்ஞானம் அவ்வளவுதான், அதுவே போதும். கம்மஞ்சோறு, ராகிக் களி, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயற்றுக் குழம்பு எல்லாம் மானாவாரிக் காட்டில் விளைந்ததை வைத்து நடந்த சமையல். அதைச் சாப்பிட்டவர்கள் கிணறு வெட்டினார்கள், ஏற்றம் இறைத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். களி மட்டும் திரும்பி வந்தால் போதாது.

வருடத்துக்கு ஒருமுறை வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறிவிட்டு வந்து ஃபிட்டாக இருக்கிறேன் என்பவர்களும் உண்டு. பதினொரு மாதம் உட்கார்ந்த இதயத்துக்கு அது உடற்பயிற்சி இல்லை, பரீட்சை.

இதுவரை சொன்னது கொழுத்த பக்கம். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளைத்த பக்கம் அதிகம் தெரியும். காலை ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் டீயோடு கிளம்பி, மதியம் டப்பாவில் வெறும் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ சாப்பிடுகிறார்கள். மாலையில் துணிக்கடை, பனியன் கம்பெனி என்று வேலைக்குப் போகிறவர்களும் இவர்களில் உண்டு. முன்பு சொன்ன அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் எடை குறைவு, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்களிடம் போய் எடையைக் குறைப்பது எப்படி என்று செமினார் நடத்தினால் என்ன சொல்வது! புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நாளைக்கு 33 ரூபாய். இரண்டு முட்டைக்கும் ஒரு வாழைப்பழத்துக்கும் சரியாக இருக்கும், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ரீசார்ஜுக்கும் போகாமல் இருந்தால்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் மாணவரிடம் போக மாட்டேன், வார்டனிடம் போவேன். இரவு மெஸ்ஸை ஒன்பது வரை திறந்துவைக்கலாம். பத்தரை மணிக்கு ஒரு அண்டா சுண்டலும் சர்க்கரை இல்லாத பாலும் வைத்தால் நூடுல்ஸ் கெட்டிலுக்கு வேலை பாதியாகக் குறையும். கல்லூரி பஸ்ஸை வளாகத்தின் மெயின் கேட்டிலேயே நிறுத்தினால் போகவும் வரவும் பதினைந்து இருபது நிமிடம் நடை தானாகக் கிடைக்கும். வெயில் காலத்தில் திட்டுவார்கள், திட்டட்டும். கிரவுண்டில் விளக்குப் போட வேண்டும். இப்போது கிரவுண்டு டீமில் இருப்பவர்களுக்குச் சொந்தம், மற்றவர்கள் கேலரியில் உட்கார்ந்து கைதட்டலாம்.

அப்புறம் பெண்கள் விடுதிக் கேட். வகுப்பு விடுவது நாலரை, ஐந்துக்கு. பல விடுதிகளில் மாணவிகள் ஆறு, ஆறரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் துணி துவைக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், ரெக்கார்டு எழுத வேண்டும். கிரவுண்டில் அந்த நேரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு அவுட்பாஸ் எட்டு எட்டரை வரை. ஒரே கட்டணம், ஒரே மெஸ், ஒரே சிலபஸ், ஓட மட்டும் இரண்டு கணக்கு. பாதுகாப்புக்காக என்கிறார்கள். மதில் சுவருக்குள்ளே இருக்கிற கிரவுண்டுக்கு ஒரு வாட்ச்மேனும் நாலு விளக்கும் போட்டால் தீராத பாதுகாப்பா அது?

இரவு எட்டு மணிக்கு அந்த மாதிரி ஒரு விடுதியைத் தாண்டிப் போகும்போது மொட்டைமாடியைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் வட்டமடித்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு சுற்று நூறு அடி இருந்தால் அதிகம். ஒன்பது மணிக்கு மாடிக் கதவையும் பூட்டிவிடுவார்களாம்.